பதினான்கு வண்டி, ஒரே லிங்க், மூன்று வழி: எங்கள் பைக் குழுவின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

“சோதனை முறை வெற்றிகரமாக நடந்து முடிந்ததால், இனி எல்லாப் பயணங்களுக்கும் வரைபட லிங்க் மட்டுமே அனுப்பப்படும். வழித்தாள், முன்னோட்டப் பயணம், முதல் வண்டி - கடைசி வண்டி ஏற்பாடு ஆகியவை நிறுத்தப்படுகின்றன.”

போன வாரம் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பு இது. வழித்தாள் என்பது ஒவ்வொரு பயணத்துக்கும் நான் எழுதித் தரும் ஒரு பக்க வழிக்குறிப்பு; முன்னோட்டப் பயணம் என்பது அந்த வழியை முன்பே ஒருவர் ஓட்டிப் பார்த்து வருவது; கடைசி வண்டி என்பது பின்னால் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது. போட்ட கையோடு, நிர்வாகிகளைத் தவிர வேறு யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டியும் விட்டீர்கள். வீட்டுக்குள் பேச வேண்டியதைத் தெருவில் நின்று பேச எனக்கும் விருப்பமில்லை. கதவு சாத்தியிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

‘வெற்றிகரமாக’ என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். நவம்பர் மாதத்து ஊட்டிப் பயணத்தைத்தான் சொல்கிறீர்களா, எனக்குத் தெரியாமல் வேறு ஏதாவது பயணம் நடந்ததா?

ஊட்டிப் பயணம்தான் என்றால், அன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கே வெற்றி வந்தது என்று நீங்களே காட்டுங்கள்.

சனிக்கிழமை அதிகாலை நாலரைக்கு பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை அருகே கூடுவதாகத் திட்டம். புதிய முறைப்படி, கூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லிங்க்கைத் திறந்து அவரவர் வீட்டிலிருந்தே கிளம்பலாம். நான்கு பேரை வரைபடச் செயலி நைஸ் எனப்படும் சுங்கச் சாலைக்கு அனுப்பியது. அந்தச் சாலையில் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. 2022-இல் வந்த தடை. அவர்கள் சுங்கச்சாவடியில் ஐந்து மணிக்காகக் காத்து நின்றார்கள். இன்னும் இரண்டு பேர் செயலியைக் கார் முறையிலிருந்து மாற்றவே இல்லை. அது அவர்களை மைசூர் விரைவுச் சாலையின் நடுப்பாதையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே பைக்குக்கு இடமில்லை; பிடதி, ராமநகரம், சென்னபட்ணா, மத்தூர், மண்டியா என்று ஊர்களை ஒட்டிப் போகும் பக்கச் சாலைதான் நமக்கு. அபராதம் கட்டிவிட்டு இறங்கினார்கள். பெங்களூரில் பைக் ஓட்டுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாதவர்களையும் கூட்டிக்கொண்டு போவதற்குத்தானே குழு?

குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர் தாண்டி கக்கநல்லா எல்லைச் சாவடியில் அடுத்த தடங்கல். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதி, வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இருக்கிற நடைமுறை. மூன்று வண்டிகளுக்கு எடுக்கவில்லை. லிங்க்கில் அது எழுதியிருக்காது அல்லவா? காட்டு நடுவே சிக்னல் வந்து வந்து போக, போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் நின்ற காட்சியை யாரோ படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். நாமும் சிரித்தோம். நாற்பது நிமிடம் அங்கே போனது.

இவை எல்லாம் சின்ன விஷயங்கள். பணமும் நேரமும்தான் போயின. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

பந்திப்பூர் வனச்சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடப்படும். 2009 முதல் இருக்கிற விதி. யானையும் மானும் சக்கரத்தில் அடிபடாமல் இருப்பதற்காக வந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை, நமக்கு அது நினைவில் இல்லாமல் போனதில். என் பழைய வழித்தாள்களை எடுத்துப் பாருங்கள். ஊட்டி என்றால் முதல் வரியே, “ஞாயிறு காலை பதினொன்றுக்குள் ஊட்டியை விட்டு இறங்க வேண்டும்” என்றுதான் இருக்கும். மழை, பஞ்சர், வயிற்றுக் கோளாறு என்று எது வந்தாலும் இருட்டுவதற்குள் குண்டுலுப்பேட்டையில் இருக்க வேண்டும் என்ற கணக்கு அது. இந்த முறை “அவரவர் வசதிப்படி” என்றீர்கள். இரண்டு மணிக்குச் சிலர், மூன்றரைக்குச் சிலர். நம் குழுத் தம்பி ஒருவரும் அவர் மனைவியும் நாலரைக்குக் கிளம்பினார்கள். 125 சிசி வண்டி, பின்னால் மனைவி, தோள்பை, ஊட்டி வர்க்கி இரண்டு பொட்டலம். நவம்பரில் அங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், போதாக்குறைக்கு மழை.

செயலி அவருக்குக் காட்டியது கல்லட்டி வழி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு நேராக இறங்கும் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. முதுமலைக் காட்டில் இருக்கும் தெப்பக்காட்டுக்கு கூடலூர் சுற்றிப் போவதைவிட முப்பது கிலோமீட்டர் குறைவு என்பதால் செயலிக்கு அதுதான் பிடிக்கும். 2018-இல் அந்த மலைப்பாதையில் ஒரு கார் பள்ளத்தில் உருண்டு, உள்ளே இருந்தவர்கள் இரண்டு நாள் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அந்தப் பக்கம் இறங்க விடுவதில்லை. தலைகுந்தாவில் போலீஸார் கர்நாடகத்தின் கேஏ பதிவெண்ணைப் பார்த்ததும் கையைக் காட்டி கூடலூர்ச் சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். நம் வண்டிகள் ஆறு இப்படித் திருப்பப்பட்டவைதான்.

இதற்கு மேல் நடந்ததை நிதானமாகப் படியுங்கள். தம்பி போனை ஹேண்டில்பாரில் மாட்டுவதில்லை. பைக் எஞ்சினின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அவர் கடன் வாங்கி வாங்கிய போன். சட்டைப்பையில் வைத்து, காதில் குரலைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவார். கூடலூர்ச் சாலையில் போகப் போக அந்தக் குரல் விடாமல் “திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்” என்று கல்லட்டிக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பைக்காராவைத் தாண்டியும் நிறுத்தவில்லையாம். மூடுபனி, எதிரே பஸ் விளக்கு, பின்னால் பயந்துபோன மனைவி, காதில் இந்தப் பாட்டு. எரிச்சலில் குரலை அணைத்துவிட்டார். அணைத்ததை மறந்தும்விட்டார். கூடலூரில் சாலை பிரிகிற இடத்தில், முன்னே போன ஒரு கேஏ பைக்கை நம் வண்டி என்று நினைத்து அதன் பின்னே போனார். மழைக்கோட்டுப் போட்டால் எல்லாரும் ஒன்றுபோலத்தான் இருப்போம். அது வேறு யாரோ. மைசூர்ப் பக்கம் திரும்ப வேண்டியவர் நாடுகாணிப் பக்கம், அதாவது கேரளத்தின் நிலம்பூர் போகும் சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. போனை எடுத்தால் நனைந்து செத்திருந்தது. பெருமழைக்கு ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று, விசாரித்துத் திரும்பி, கூடலூர் தாண்டித் தொரப்பள்ளிச் சாவடிக்கு வரும்போது எட்டு நாற்பது. வனத்துறை ஊழியர் நிறுத்திவிட்டார்: ஒன்பதுக்குள் மறுகரை சேர முடியாது, காட்டுக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள், கூடலூரில் தங்குங்கள். அந்த மனிதருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அவர் செய்ததுதான் அன்று நடந்த ஒரே ஒழுங்கான வேலை.

இப்போது சொல்லுங்கள். அந்த எட்டு நாற்பதுக்கு நாம் எங்கே இருந்தோம்? சிலர் மைசூரில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சிலர் மண்டியா தாண்டிவிட்டார்கள். கடைசி வண்டி என்று ஒன்று இல்லாததால், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. மற்ற எல்லாரும் முன்னால் போய்விட்டதாக ஒவ்வொருவரும் நினைத்தோம். நானும் அப்படித்தான். உண்மையைச் சொன்னால் என்னுடையது இன்னும் மோசம். வழித்தாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், இனி எனக்கென்ன என்ற வீம்பில், பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். அதற்காக அந்தத் தம்பியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இரவு பத்தே முக்காலுக்கு மத்தூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு போன். தெரியாத எண். ஒரு அம்மா பேசினார்: “தம்பி, வழி எழுதிக் கொடுக்கிறவர் நீங்கள்தானே?”

தம்பியின் மாமியார். ராமமூர்த்தி நகரில் இரண்டு வயதுப் பேரனை வைத்துக்கொண்டு காத்திருந்தவர். மகள் கூடலூர் விடுதியின் போனிலிருந்து அம்மாவை அழைத்திருக்கிறாள். மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். நம் குழுவில் யாருடைய எண்ணும் அவர்களுக்கு மனப்பாடம் இல்லை, எனக்கு மட்டும் இருக்கிறதா என்ன? அப்புறம் அந்த அம்மா என் எண்ணை எப்படிப் பிடித்தார்? பிப்ரவரியில் ஏலகிரி போனோமே, அந்த வழித்தாள் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மளிகைக் கணக்கு எழுத யாரோ பின்பக்கத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முன்பக்கத்தின் கடைசி வரியில் “எதற்கும் அழைக்கலாம்” என்று எழுதி என் எண் இருந்தது.

ஒன்பது மாதத்துக்கு முந்தைய ஒரு தாள். நீங்கள் இப்போது நிறுத்தியிருப்பது அதைத்தான்.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் “பெரியவர் காலத்துக்கு ஒத்து வரமாட்டேன் என்கிறார்” என்று கிளப்பிவிடுவீர்கள். சேலம் போன அன்று தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து கிடந்ததைத் தருமபுரியிலேயே செயலிதான் காட்டியது. மொரப்பூர், அரூர் வழியாக மஞ்சவாடிக் கணவாயில் இறங்கிச் சேலம் போய்ச் சேர்ந்தோம். என் தாளில் அது இல்லை. கொள்ளேகால் தாண்டி நான் குறித்து வைத்திருந்த ஒரு பெட்ரோல் பங்க் மூடப்பட்டு மாமாங்கம் ஆகியிருந்தது. என்னை நம்பி வந்தவர்கள் மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளினார்கள். இன்று வரை கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். அதற்குப் பிறகு எந்தப் பங்க்கையும் முன்னோட்டப் பயணத்தில் கண்ணால் பார்க்காமல் எழுதியதில்லை.

ஆனால் லிங்க் அனுப்புவது வழி அனுப்புவது ஆகாது. இது உங்களுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கணினியில் உட்கார்ந்து நீலக்கோட்டைப் பிடித்து இழுத்து, நமக்கு வேண்டிய சாலை மேல் கொண்டுபோய் வைக்கிறீர்கள். திரையில் அழகாக இருக்கிறது. அதை லிங்க்காக அனுப்பினால், வாங்கியவர் போனில் அது அப்படியே திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புறப்படும் இடம், சேரும் இடம், நடுவில் நிறுத்தங்கள் வைத்திருந்தால் அவை. பெரும்பாலும் இவ்வளவுதான் போய்ச் சேரும். இடைப்பட்ட கோட்டை அந்தப் போன் அந்த நிமிடத்துப் போக்குவரத்தைப் பார்த்துத் தானே புதிதாகப் போடும். இரண்டு மணிக்குத் திறந்தவருக்கு ஒன்று, நாலரைக்குத் திறந்தவருக்கு இன்னொன்று. பைக் முறையில் ஒன்று, கார் முறையில் வேறொன்று. பதினான்கு வண்டிகளும் ஒரே லிங்க்கைத் திறந்து மூன்று வழிகளில் போனது செயலியின் தவறுகூட இல்லை. அது ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக வழி சொல்லும் கருவி. கூட்டமாகப் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாறாத தடம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஜிபிஎக்ஸ் கோப்பு. அதிலும் இரண்டு வகை உண்டு: சில புள்ளிகளை மட்டும் கொடுத்து இடைவழியைக் கருவியிடம் விடும் ரூட், போன தடத்தை நெருக்கமான புள்ளிகளாகப் பதிந்து வைக்கும் ட்ராக். முன்னோட்டப் பயணம் போய்வந்தவர் பதிந்த ட்ராக்கை அனுப்பினால் எந்தப் போனிலும் கோடு நகராது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் காட்டுக்குள் சிக்னல் இல்லாவிட்டாலும் நாம் நிற்கிற புள்ளி தெரியும். செயற்கைக்கோளுக்கு டவர் தேவையில்லை. நம்மில் இரண்டு தம்பிகளுக்கு இது அத்துப்படி. முன்னோட்டப் பயணத்தையே நிறுத்தினால் அவர்கள் எதைப் பதிவார்கள்?

வழித்தாளில் என்ன இருந்தது என்று நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரே பக்கம். பெட்ரோல் டேங்க் மேல் பையில் செருகினால் குனியாமல் படிக்கிற அளவு எழுத்து. ஒவ்வொரு திருப்பத்துக்கும் எதிரே ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் அதையே கன்னட எழுத்திலும் எழுதுவேன். நம்மில் பாதிப் பேர் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்து, கன்னடத்தில் பேரம் பேசவும் சண்டை போடவும் தெரிந்தவர்கள். பலகையைப் படிக்கத்தான் வராது. படிக்க வேண்டாம், தாளில் இருக்கும் உருவமும் பலகையில் இருக்கும் உருவமும் ஒன்றா என்று பார்த்தால் போதும். ஒரு சுழி, ஒரு தலைக்கட்டு, கீழே ஒரு வால். ஒகேனக்கல் போகும்போது அஞ்செட்டிப் பக்கம் தமிழ்ப் பலகை வந்ததும் எல்லாருக்கும் வரும் குதூகலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பெட்ரோல் நிறுத்தம் எங்கே என்பதைக் குழுவிலேயே சின்ன டேங்க் எதுவோ அதுதான் தீர்மானிக்கும். பதிமூன்று லிட்டர் வண்டிக்காரர் “எனக்கு இன்னும் பாதி இருக்கிறது” என்று முனகினாலும் நிற்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் நம் மூத்த அண்ணனுக்குப் பெட்ரோலோடு எஞ்சினுக்கு ஊற்றும் டூ-டி ஆயிலும் வேண்டும். அது எல்லாப் பங்க்கிலும் கிடைப்பதில்லை என்பதால் எங்கே கிடைக்கும் என்று தனிக் குறிப்பு. குண்டுலுப்பேட்டையில் நிரப்பாமல் காட்டுக்குள் நுழையாதே என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. மலையேற்றத்தில் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடமாட்டேன். மாலையில் மேற்கு நோக்கிப் போகிற நீண்ட சாலையைக் கூடிய மட்டும் தவிர்ப்பேன். தாழ்ந்த வெயில் ஹெல்மெட் கண்ணாடியில் நேராக அடித்தால் எதிரே குழி இருக்கிறதா மாடு இருக்கிறதா தெரியாது. சேரும் நேரத்தை நிமிடச் சுத்தமாகச் சொல்லும் செயலி, கண் கூசுவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம், முனையில் நிற்பது. முதல் வண்டி ஒரு பிரிவில் திரும்பும்போது, அதற்கு அடுத்த வண்டி அந்த முனையிலேயே ஓரமாக நின்று கையைக் காட்டும். கடைசி வண்டி வந்து சேர்ந்த பிறகுதான் அது நகரும். அடுத்த பிரிவில் அடுத்தவர். இந்த முறையில் போனும் வேண்டாம், தாளும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். கூடலூரில் அன்று மஞ்சள் மழைக்கோட்டோடு ஒரே ஒருவர் நின்றிருந்தால் தம்பி நாடுகாணிக்குப் போயிருக்கமாட்டார். ஆறு கொண்டை ஊசி இருந்தாலும் அறுபது இருந்தாலும் பதினோரு ஆண்டுகளாக இந்த முறையில் ஒருவரையும் தொலைத்ததில்லை. இதற்கு ஆகும் செலவு, முனைக்குப் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடம்தான் உங்களுக்கு ‘நேர விரயம்’. அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறீர்கள். நாம் கூடும் இடத்தில் நிற்கிற வள்ளுவர், 1991-இல் வந்து சேர்ந்து, 2009-இல் திறக்கப்படும் வரை பதினெட்டு ஆண்டுகள் மூடிய துணிக்குள் காத்திருந்தவர். அவர் காலடியிலிருந்து கிளம்புகிற நமக்கு ஒரு வண்டிக்காகப் பத்து நிமிடம் நிற்கப் பொறுமை இல்லையா?

‘உறுப்பினர்களின் சுதந்திரம்’ என்றும் ஒரு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். ஏழு எட்டுப் பேர் வேகமான வண்டி வைத்திருக்கிறார்கள். மெதுவான வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போவது அவர்களுக்குக் கஷ்டம். எனக்கும் புரிகிறது. இளமையில் நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் தனியாகப் போக விரும்புகிறவர் தனியாகவே போகலாமே, யார் தடுத்தது? குழு என்று பெயர் வைத்து, ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ஆண்டுச் சந்தா வாங்கி, புதிதாகச் சேருகிறவரிடம் “நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லிவிட்டு, மழை பெய்கிற இரவில் “அவரவர் லிங்க், அவரவர் வழி” என்றால் அந்தச் சந்தா எதற்கு? அந்தப் பெண் தன் அம்மாவிடம் குழுவோடுதான் போகிறோம், பயம் இல்லை என்று சொல்லிக் குழந்தையை விட்டுவிட்டு வந்தவள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நிர்வாகிகளில் ஒருவர்கூட அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. “போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்க வேண்டும்” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சார்ஜ் இருந்தது, நனைந்துதான் செத்தது. குறைந்தபட்சம் விசாரித்துவிட்டாவது குற்றம் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது இவைதான்.

அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். அதில் இருக்கும் ‘வெற்றிகரமாக’ என்ற சொல்லுக்குப் பதிலாக அன்று நடந்ததை நாலு வரியில் உள்ளபடி எழுதுங்கள். மற்ற உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு இன்னும் விஷயமே தெரியாது.

இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கும், தூரம் எவ்வளவானாலும் மலை, காடு வழியாகப் போகும் பயணத்துக்கும் வழித்தாள் கட்டாயம் என்று முடிவு செய்யுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே அது எல்லார் கைக்கும் வர வேண்டும். ஒரு பிரதி வீட்டில் இருப்பவர்களிடம். வனச்சாலை மூடும் நேரம், பைக்குக்குத் தடை உள்ள சாலை, இ-பாஸ் போன்ற அனுமதி, எத்தனை மணிக்குள் கிளம்பாவிட்டால் அன்று கிளம்பவே கூடாது என்ற கெடு, இவை நான்கும் இல்லாத தாள் செல்லாது. கூடவே, லிங்க்குக்குப் பதில் பதிந்த ட்ராக் கோப்பு. போனில் பார்க்க விரும்புகிறவர்கள் அதைப் பார்க்கட்டும்.

முதல் வண்டி, கடைசி வண்டி, முனையில் நிற்பது: மூன்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். கடைசி வண்டியில் அனுபவம் உள்ளவர்தான் போக வேண்டும். அவரிடம் பஞ்சர் சாமானும் எல்லா வீட்டு எண்களும் இருக்க வேண்டும், காகிதத்தில். வேகமாகப் போக விரும்புகிறவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் ஒரு முதல், ஒரு கடைசி உண்டு என்ற நிபந்தனையோடு.

முன்னோட்டப் பயணத்துக்கு ஆகும் பெட்ரோல் செலவைச் சந்தாவிலிருந்து கொடுங்கள். இத்தனை ஆண்டுகள் என் கைக்காசு, அதைக் கேட்கவில்லை. ஆனால் இனி இளையவர்கள் போக வேண்டும், அவர்களிடம் இலவசமாக எதிர்பார்க்காதீர்கள். நான் சொன்ன இரண்டு தம்பிகளையும் அனுப்புங்கள். எனக்கு அந்தப் பொறுப்பு திரும்ப வேண்டும் என்பதற்காக இதை எழுதுவதாக ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறாராம். மூட்டு வலிக்கிறது ஐயா, நான் கடைசி வண்டியில் வருகிறேன், போதும்.

தலைவரும் செயலாளரும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ராமமூர்த்தி நகர் வீட்டுக்கு நேரில் போய்வாருங்கள். கூடலூர் விடுதிக்கு ஆன தொகையைக் குழுவின் பணத்திலிருந்து கொடுங்கள். வாங்கமாட்டார்கள், தெரியும். ஆனாலும் கொடுங்கள்.

குழுவின் பூட்டைத் திறந்து, பதிலை அங்கேயே எழுதுங்கள். ஜனவரிக் கடைசியில் கொல்லிமலை போவதாக அறிவித்திருக்கிறீர்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்கே வேண்டும். அதற்கான தாளை எழுதி முடித்துவிட்டேன். கடைசியில் “எதற்கும் அழைக்கலாம்” என்ற வரிக்கு எதிரே மட்டும் எண்ணை எழுதாமல் வைத்திருக்கிறேன். யாருடைய எண்ணை எழுத வேண்டும் என்று முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதினோரு ஆண்டுகள் வழித்தாள் எழுதிய உறுப்பினர்,
அல்சூர், பெங்களூரு